எந்தத் துப்பாக்கி என்பதற்கு முந்தைய கேள்வி

தொலைதூர இலக்குச் சுடுதலில் ஆர்வம் கொள்ளும் ஒருவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மேக்னம் ரைஃபிளை வாங்கலாம் என்பதே. கேள்வி எளிமையானதாகத் தோன்றும். ஆனால் அதற்குள் விடை காணப்படாத வேறு மூன்று கேள்விகள் மறைந்திருக்கின்றன. எத்தனை மீட்டர் தொலைவில் சுடுவதற்கு இடம் இருக்கிறது? சட்டம் எந்தத் தோட்டாவை அனுமதிக்கிறது? ஒரே நாளில் அறுபது முறை அதன் உதைப்பைத் தாங்கிய பிறகும் தோள் நடுங்காமல் இருக்குமா? இம்மூன்றுக்கும் விடை சொல்லாமல் துப்பாக்கியின் பெயரைச் சொல்பவர், ஆய்வுக் கேள்வியை வகுக்கும் முன்னரே ஆய்வுக் கருவிக்கு நிதி கேட்கும் மாணவரைப் போன்றவர்.

அமெரிக்காவில் இக்கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கடைக்குள் நுழைவது இயலும். இந்தியாவில் இயலாது. இங்கு ஒரு துப்பாக்கியைத் தேர்வது என்பது உரிமம், சுடுதளம், தோட்டா, உடல், குடும்பத்தின் பொருள்வளம் ஆகிய ஐந்தையும் ஒருங்கே தேர்வதாகும். இதை விளங்கிக்கொள்ள ஐதராபாத்தின் பேகம்பேட் பகுதியோடு தொடர்புடைய ஒருவரின் வரலாறு பெரிதும் உதவுகிறது. அவர் மேக்னம் ரைஃபிளால் அறியப்பட்டவர் அல்லர் என்பதே அந்த வரலாற்றின் பயன்.

ககன் நாரங் 1983ஆம் ஆண்டு மே 6 அன்று சென்னையில் பிறந்தவர், ஐதராபாத்தில் வளர்ந்தவர். 1997இல் அவருடைய தந்தை அவருக்கு ஒரு காற்றுக் கைத்துப்பாக்கியைப் பரிசளித்தார். பேகம்பேட்டில் இருந்த வீட்டின் கொல்லைப்புறமே முதற்சுடுதளம் ஆயிற்று. பின்னர் அவர் காற்று ரைஃபிளுக்கு மாறினார். 2003இல் ஐதராபாத்திலேயே நடைபெற்ற ஆப்பிரிக்க ஆசிய விளையாட்டுப் போட்டியில் 10 மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றார். 2006 மெல்போர்ன், 2010 தில்லி ஆகிய இரு காமன்வெல்த் போட்டிகளிலும் நான்கு நான்கு தங்கங்கள். 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். மகனுக்கு ரைஃபிள் வாங்குவதற்காக அவருடைய குடும்பம் தனக்கிருந்த மனையை விற்றதும், பின்னர்ப் பல்லாண்டுகள் வாடகை வீட்டிலேயே வாழ்ந்ததும் அவ்வெற்றியின்போது நாளிதழ்களில் விரிவாகப் பதிவாயின.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொடக்கத்தில் அக்குடும்பத்திற்குக் கிடைத்த இடம் ஒரு கொல்லைப்புறம். அதற்குப் பொருந்தியது காற்றுத் துப்பாக்கி. இடம் கருவியைத் தீர்மானித்தது. கருவி பின்னர் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

குறுகிய தொலைவில் பயில்வது தொடக்க நிலையினருக்குரியது, தொலைவு கூடக்கூடத்தான் கலை முதிர்கிறது என்று கருதுவோர் பலர். எண்கள் இதை ஏற்கவில்லை. பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, 10 மீட்டர் காற்று ரைஃபிள் இலக்கில் பத்து புள்ளிக்குரிய மையத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்; 50 மீட்டர் இலக்கில் 10.4 மில்லிமீட்டர், 300 மீட்டர் இலக்கில் 100 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு மையத்தைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால் குண்டின் விட்டத்தையும் இவற்றோடு கூட்ட வேண்டும். 4.5 மில்லிமீட்டர் காற்றுக் குண்டின் நடுப்புள்ளி 5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். .22 தோட்டாவின் 5.6 மில்லிமீட்டர் குண்டுக்கு அவ்வட்டம் 16 மில்லிமீட்டர். 300 மீட்டரில் ஏறத்தாழ 106 முதல் 108 மில்லிமீட்டர். தொலைவால் வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் அனுமதிக்கப்படும் விலகல் முறையே 0.5, 0.32, ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். ஆக, 50 மீட்டரில் படுத்த நிலையில் சுடுபவரிடம் கோரப்படும் கோணத் துல்லியம் 300 மீட்டரில் கோரப்படுவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

அவ்வாறெனில் தொலைவு எதைச் சோதிக்கிறது? காற்றையும் காலத்தையும் சோதிக்கிறது. குண்டு குழலை விட்டு நீங்கி இலக்கை அடைவதற்குள் கழியும் நேரம் முழுவதும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. பக்கக்காற்று அதைத் தள்ளுகிறது. ஈர்ப்பைக் கணக்கிட்டுவிடலாம், அது மாறுவதில்லை. காற்று மாறும். அந்த நேரத்தைச் சுருக்கும் முயற்சியில் பிறந்ததே மேக்னம்.

மேக்னம் என்ற சொல் இலத்தீனில் பெரியது என்று பொருள்படும். வழக்கமான அளவைப் போல் இருமடங்கு கொள்ளும் மதுப்புட்டிக்கு அப்பெயர் வழங்கிவந்தது. அங்கிருந்தே கூடுதல் வெடிமருந்து கொள்ளும் தோட்டாவுக்கு அப்பெயர் வந்தது. இலண்டனைச் சேர்ந்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912இல் .375 மேக்னத்தையும் 1925இல் .300 மேக்னத்தையும் வெளியிட்டது. இவ்விரு தோட்டாக்களின் வடிவில் வெப்பநாடுகளின் தேவை பதிந்திருக்கிறது. உறை நீண்டு, முன்நோக்கி மெல்லச் சரிந்து குறுகும். அக்காலத்து வெடிமருந்தான கார்டைட் நூல்நூலாக இருந்தது. வெயிலில் அதன் அழுத்தம் ஏறும். சரிவான உறையாயின் சுட்டபின் அறையில் ஒட்டிக்கொள்ளாமல் எளிதாக வெளியேறும். ஆனால் சரிவான தோள் தோட்டாவை அறையில் உறுதியாக நிறுத்தப் போதாது. ஆகவே உறையின் அடிப்பகுதியில் ஒரு பட்டையைச் சேர்த்தனர். பிற்காலத்து மேக்னம் தோட்டாக்கள் பலவற்றில் தோள் செங்குத்தாக மாறியபின் பட்டைக்குத் தேவை இல்லாமற் போயிற்று. ஆயினும் 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்திலும் பட்டை நீடித்தது. அது ஆற்றலின் முத்திரையாகவே வாங்குவோர் கண்ணில் நிலைத்துவிட்டது. காரணம் மறைந்தபின்னும் வடிவம் தொடர்வதற்கு ஆய்வுலகிலும் சான்றுகள் தேட வேண்டியதில்லை.

இந்தியாவில் எந்த விட்டத்தை ஒருவர் வைத்திருக்கலாம் என்பதை இயற்பியல் ஒருபோதும் தீர்மானித்ததில்லை. அரசின் அச்சமே தீர்மானித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 விட்டம் வேட்டை ரைஃபிள்களில் பெருவழக்காக இருந்தது. பழைய மார்ட்டினி ஹென்றிப் படைத்துப்பாக்கிகளும் அதே விட்டத்தைக் கொண்டவை. வேட்டைக்கென இறக்குமதியாகும் குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குச் செல்லக்கூடும் என்று ஆங்கிலேய அரசு அஞ்சியது. விளைவாக .450 விட்டம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. இலண்டன், பர்மிங்காம் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் உடனே .465, .470, .475 என்று அருகருகே புதிய விட்டங்களை உருவாக்கினர். இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் அவை தொழில்நுட்ப வளர்ச்சியின் படிகள்போல் தோற்றமளிக்கின்றன. உண்மையில் அவை ஓர் அரசாணைக்கு எழுதப்பட்ட மறுமொழிகள்.

அதே தர்க்கம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1962 விதிகளுக்கு மாற்றாக வந்த 2016 ஆயுத விதிகளும், படைத்துறை வழங்கும் தோட்டாக்களைக் குடிமக்களிடமிருந்து விலக்கி வைக்கும் நோக்கைத் தக்கவைத்தன. .303, 7.62 மில்லிமீட்டர் ஆகியவை தடைசெய்யப்பட்ட விட்டங்களாக நடத்தப்படுகின்றன. அவற்றுக்கு உள்துறை அமைச்சகத்தின் தனி அனுமதி வேண்டும். அரசுத் தொழிற்சாலைகள் குடிமக்களுக்கென .315, .30-06 ஆகிய ரைஃபிள்களைச் செய்தன. அவற்றுள் .315 என்பது ஆஸ்திரியப் படை ஒரு காலத்தில் பயன்படுத்திய மன்லிக்கர் தோட்டா. ஆங்கிலேயரின் படைத்தோட்டா அன்று என்ற ஒரே தகுதியால் அது இந்நாட்டு உழவர்களின் வயல்காவலுக்கு வந்து சேர்ந்தது.

இதன் விளைவு வியப்புக்குரியது. ஆயிரம் கெஜ இலக்குச் சுடுதலின் புகழ்பெற்ற பன்னாட்டுப் போட்டியான பால்மா, .308 என்னும் தோட்டாவை மையமாகக் கொண்டது. இது 7.62 மில்லிமீட்டர் படைத்தோட்டாவின் இணை. உலகெங்கும் தொலைதூரச் சுடுதலைக் கற்பிக்கும் மென்மையான தோட்டா இதுவே. இந்தியாவில் இது தடையின் அப்பக்கத்தில் நிற்கிறது, இதைவிட வலிய.375 மேக்னமோ இப்பக்கத்தில் நிற்கிறது. ஆதலால் ஆற்றலின் மீது எவ்விதப் பற்றும் இல்லாத ஒருவரும் இங்கு மேக்னத்தை நோக்கித் தள்ளப்படலாம். ஆனால் அதை வாங்கியபின் மற்றொரு சுவர் எதிர்ப்படும். பன்னாட்டு 300 மீட்டர் போட்டிகளில் குண்டின் விட்டம் 8 மில்லிமீட்டரை மிஞ்சக் கூடாது; .375 என்பது 9.5 மில்லிமீட்டர். சட்டம் தருவதை விளையாட்டு ஏற்பதில்லை. விளையாட்டு விரும்புவதைச் சட்டம் தருவதில்லை.

எண்ணிக்கையும் குறுகிவிட்டது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அத்தகுதி போட்டிகளில் ஈட்டப்படுவது, விருப்பத்தால் வருவதன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்கான இறக்குமதியும் நின்றுவிட்டது. ஆகவே வெளிநாட்டு மேக்னம் ரைஃபிள் தேடும் சாதாரண உரிமதாரர்முன் பெரும்பாலும் இருப்பவை, தாத்தாக்களின் காலத்தில் வந்து கைமாறிக் கைமாறி விலையேறிய பழைய வின்செஸ்டர், செக் நாட்டு பிர்னோ, மவுசர் வகையினவே. இரண்டே இடங்களில் ஒன்றை அத்தகைய துப்பாக்கிக்கு ஒதுக்குவது மீளப் பெறமுடியாத முடிவுக்கு ஒப்பானது.

இத்தனை தடைகளையும் கடந்து ஒருவர் மேக்னத்தைக் கையில் பெற்றார் என்றே கொள்வோம். அது அவருக்கு என்ன தருகிறது?

1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கேம்ப் பெரி என்னுமிடத்தில் நடந்த ஆயிரம் கெஜ விம்பிள்டன் கோப்பைப் போட்டியை, பென் கம்ஃபர்ட் என்பவர் .300 ஹாலண்ட் மேக்னம் கொண்டு வென்றார். வேட்டைக்கெனப் பிறந்த தோட்டா இலக்குச் சுடுதலுக்கும் உரியது என்ற எண்ணம் அவ்வெற்றியோடு வேரூன்றியது. சில ஆண்டுகளுக்குள் வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 70 ரைஃபிளை .300, .375 ஆகிய இரு மேக்னங்களுக்கும் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது. அதுவரை மேக்னம் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்பது தனித் துப்பாக்கிக் கொல்லர்களின் விலைமிக்க கைவினையாகவே இருந்தது.

வெற்றியின் அளவை இன்றைய எண்களால் அளந்து பார்க்கலாம். .308 தோட்டாவில் ஏறத்தாழ 2.8 கிராம் வெடிமருந்து, 11.3 கிராம் குண்டை நொடிக்கு 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் செலுத்தும். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் ஏறத்தாழ 4.5 கிராம் வெடிமருந்து, 12.3 கிராம் குண்டை நொடிக்கு 880 மீட்டர் அளவில் செலுத்தும். மருந்து அறுபது விழுக்காடு மிகுந்தும் வேகம் பத்து விழுக்காட்டு அளவிலேயே உயர்கிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, ஆயிரம் கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், முன்னதன் குண்டை ஏறத்தாழ இரண்டரை மீட்டரும் பின்னதன் குண்டை ஏறத்தாழ இரண்டு மீட்டரும் ஒதுக்கும்.

அரை மீட்டர் என்பது சிறிய ஆதாயமன்று. போட்டி அதனால் தீர்மானிக்கப்படலாம். ஆனால் அதன் இயல்பைக் கவனிக்க வேண்டும். மேக்னம் காற்றின் விளைவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. எஞ்சிய நான்கு பங்கையும் சுடுபவரே படித்தறிய வேண்டும். காற்றை மணிக்கு மூன்று கிலோமீட்டர் தவறாகக் கணித்தவருக்கு .308இல் அரை மீட்டரை ஒட்டிய பிழை நேரும். மேக்னத்தில் நாற்பது சென்டிமீட்டரை ஒட்டிய பிழை நேரும். இரண்டுமே இலக்கின் மையத்துக்கு வெளியே. காற்றைப் படிக்கத் தெரியாதவரை எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது. படிக்கத் தெரிந்தவருக்கே மேக்னம் ஆதாயம் தரும்.

ஆதாயத்துக்கு விலையும் உண்டு. ஒத்த எடையுள்ள இரு ரைஃபிள்களில் மேக்னத்தின் பின்னுதைப்பு .308ஐப் போல் ஒன்றரை மடங்கு. குழலின் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கும். நாலாயிரம், ஐயாயிரம் முறை துல்லியம் குன்றாமல் சுடும்.308 குழலுக்கு எதிரே மேக்னம் குழல் பெரும்பாலும் ஈராயிரத்தை ஒட்டித் தேய்ந்துவிடுகிறது. இவற்றினும் கொடியது உடல் கற்றுக்கொள்ளும் அச்சம். விசையை அழுத்தும் கணத்துக்கு முன்பே தோள் இறுகும், கண் மூடும். சுடுபவர் இதை அறிவதில்லை. இலக்கே அறிவிக்கும். ஒருமுறை படிந்த இவ்வச்சத்தைப் போக்கப் பயிற்றுநர்கள் மீண்டும் .22க்கும் காற்று ரைஃபிளுக்கும் அனுப்புவார்கள். பெரியதிலிருந்து தொடங்கியவர் சிறியதற்குத் திரும்பி வந்தே தீர வேண்டியிருக்கிறது.

உலகின் 300 மீட்டர் வீரர்களுடைய தேர்வும் இதையே உறுதிசெய்கிறது. 8 மில்லிமீட்டர் வரை விதி இடம்தந்தும் அவர்கள் பெரிதும் நாடுவது 6 மில்லிமீட்டர் அளவிலான சிறிய, மென்மையான தோட்டாக்களை. எல்லை வரை செல்வதற்கு உரிமை இருந்தும் செல்லாமல் இருப்பது அவர்களுடைய தேர்ச்சியின் ஒரு பகுதி.

கருவிக்கும் கையாள்பவருக்கும் உள்ள உறவுக்குப் பேகம்பேட்டிலேயே வேறொரு சான்று நிற்கிறது. பழைய விமான நிலையத்தை அடுத்துள்ள கட்டடத்தில் ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் வியர்வையால் துருவேறியிருந்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணாடியிலும் விரிசல். அக்கருவி சிறந்தது என்று எவரும் சொல்லார். ஆனால் அதன் குறை ஒவ்வொன்றையும் ராஸ் அறிந்திருந்தார். எதைத் தேடுகிறோம் என்பதையும் அறிந்திருந்தார். குறை அறியப்பட்ட கருவி, நிறைவு அறியப்படாத கருவியைக் காட்டிலும் நம்பத்தக்கது. துப்பாக்கிக்கும் இது பொருந்தும்.

ஆகவே தேர்வின் வரிசையைத் தலைகீழாக்கிக் கொள்வதே முறை. முதலில் சுடுதளம். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்த சுடுதளத்தில் ரைஃபிளுக்குரிய தொலைவு 10 மீட்டரும் 50 மீட்டரும். 300 மீட்டரும் அதற்கு மேலும் வேண்டுவோர் பெரும்பாலும் படைத்துறை, காவல்துறைக் களங்களையே நம்ப வேண்டும். அங்கு நுழைவதற்குச் சங்க உறுப்பினர் என்ற தகுதியும் முன் அனுமதியும் தேவை. ஆண்டுக்கு எத்தனை நாள் அத்தகைய களம் கிடைக்கும் என்பதை எழுதிப் பார்க்க வேண்டும். விடை இரண்டோ மூன்றோ ஆயின், மேக்னம் அலமாரியில் துருவேறக் காத்திருக்கும் பொருள் மட்டுமே.

அடுத்தது தோட்டா. உரிமத்தில் ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். இறக்குமதித் தோட்டா அரிது, விலை மிகுதி. ஓராண்டில் ஐம்பது தோட்டா மட்டும் கிடைக்கும் உயர்ந்த ரைஃபிளைவிட, ஐயாயிரம் தோட்டா கிடைக்கும் எளிய ரைஃபிள் சிறந்த ஆசிரியர். 50 மீட்டர் வீரர்கள் புது ரைஃபிளுக்குச் செலவிடும் கவனத்தினும் மிகுந்த கவனத்தைத் தோட்டாத் தொகுதிக்குச் செலவிடுவது இதனாலேயே. ஒரே தொழிற்சாலையில், ஒரே பெயரில், வெவ்வேறு நாளில் உருவான தொகுதிகளை ரைஃபிளைப் பிணைத்து வைத்துச் சுட்டுப் பார்த்து, எத்தொகுதி தம் குழலுக்கு ஒத்துவருகிறதோ அதை மொத்தமாக வாங்குவார்கள்.

மூன்றாவது உடல். தோளுக்கும் அடிக்கட்டைக்கும் இடைப்பட்ட நீளம், கன்னம் படியும் உயரம், மொத்த எடை ஆகியவை தோட்டாவின் பெயரைவிட முக்கியமானவை. தோளில் ஏந்தி நடப்பதற்கான இலகுவான வேட்டை மேக்னம், படுத்துச் சுடும் இலக்குப் போட்டிக்குத் தண்டனை. எடை மிகுந்த குழலும் சரிசெய்யத்தக்க அடிக்கட்டையும் உதைப்பை விழுங்கும்.

இம்மூன்றும் தேறியபின்னரே ரைஃபிள். பழைய போல்ட் ஆக்‌ஷன் ஒன்றை வாங்குபவர் பார்க்க வேண்டியவை சிலவே. போல்ட்டின் முன்னுள்ள இரு பூட்டுப் பற்களும் சமமாகப் பதிகின்றனவா. தோட்டா அறையின் ஆழம் அளவுக்குள் இருக்கிறதா. குழலின் தொண்டைப் பகுதி அரிக்கப்பட்டிருக்கிறதா. முனை சிதையாமல் இருக்கிறதா. அடிக்கட்டை பருவமழையில் வளைந்து குழலைத் தொடுகிறதா. பளபளப்பும் பொறிக்கப்பட்ட சித்திரங்களும் முந்தைய உரிமையாளரின் செல்வத்தைச் சொல்லும். குழலின் நலத்தைச் சொல்லா. ஹாலண்ட் மேக்னங்களின் நீண்ட தோட்டாவுக்கு நீண்ட போல்ட் தேவை; .30-06 அளவு பொறியமைப்பைப் பிற்காலத்தில் குடைந்து .375க்கு மாற்றிய துப்பாக்கிகளும் சந்தையில் உலவுகின்றன. தேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் அளந்து பார்க்காமல் அத்தகையவற்றில் ஒரு தோட்டாவையும் இடுதல் ஆகாது. இங்கு பிழை புள்ளியை மட்டும் இழக்கச் செய்யாது. கண்ணையும் கையையும் இழக்கச் செய்யும்.

இவ்வரிசையில் செல்பவருள் பெரும்பாலோர் மேக்னத்தை அடையாமலே நின்றுவிடுவர். 20 ஜூலுக்கு மிகாத, 4.5 மில்லிமீட்டர் காற்று ரைஃபிளுக்கு உரிமமே தேவையில்லை; .22க்கு உரிமம் வேண்டும், ஆனால் களம் உண்டு. சிலர் இதைத் தோல்வியாகக் கருதக்கூடும். 2008ஆம் ஆண்டை நினைவில் கொண்டால் அவ்வாறு கருத இயலாது. அவ்வாண்டு பெய்ஜிங்கில் 10 மீட்டர் காற்று ரைஃபிள் தகுதிச் சுற்றில் அபினவ் பிந்த்ரா 596 புள்ளிகளும் நாரங் 595 புள்ளிகளும் பெற்றனர். பிந்த்ரா இறுதிக்குச் சென்று தங்கம் வென்றார். சமநிலை முறிப்பு விதியால் நாரங் இறுதிச் சுற்றுக்கு வெளியே நின்றார். அதே ஆண்டின் பிற்பகுதியில் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அவர் 600க்கு 600 எடுத்து, மொத்தம் 703.5 புள்ளிகளோடு உலக சாதனை படைத்தார். ஒரு மனிதருக்கு அவ்வளவு துயரத்தையும் அவ்வளவு நிறைவையும் ஓராண்டுக்குள் தருவதற்குப் பத்து மீட்டர் போதுமாயிருந்தது.

மனையை விற்று ரைஃபிள் வாங்கிய குடும்பத்தின் கதையைப் பலர் தியாகத்தின் கதையாகச் சொல்கின்றனர். அது தியாகமே. அதோடு நில்லாமல், அது நன்கு வகுக்கப்பட்ட தேர்வும்கூட. மகனிடம் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருந்தது, நகரில் களம் இருந்தது, குண்டு கிடைத்தது, போட்டிகள் காத்திருந்தன. கேள்வி முழுமையாக உருப்பெற்ற பின்னரே பணம் கொடுக்கப்பட்டது. மாறாக, கேள்வி உருப்பெறும் முன்பே கருவிக்காக நிலத்தை விற்கும் குடும்பங்களும் இந்நாட்டில் உண்டு. துப்பாக்கிக்காக மட்டுமன்று, கல்விக்காகவும் தொழிலுக்காகவும். அவர்களுடைய கதை நாளிதழில் வருவதில்லை.

எந்த மேக்னம் வாங்கலாம் என்று இனி ஒருவர் கேட்டால், தோட்டாவின் பெயரைச் சொல்வதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கடந்த ஆண்டு நீங்கள் சுட்ட தோட்டாக்கள் எத்தனை, அவை ஒவ்வொன்றும் எங்கே விழுந்தன என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அக்குறிப்பேடு உள்ளவருக்கு விடை ஏற்கெனவே அதில் இருக்கும். இல்லாதவர் முதலில் வாங்க வேண்டியது குறிப்பேட்டைத்தான்.